பாலுக்கு விட்ட ஆடு

ஒரு வருடமாக எனக்குச் சோம்பேறி என்று பெயர். என் மாமியார் வைத்தது. அவரை நான் எனே என்று கூப்பிடுவேன்.

"பொழுது சாய்ஞ்சா இவளுக்கு உடம்பு சுடும்," என்பார் எனே, வீட்டுக்கு வருகிறவர்களிடம், நான் அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே. "பால் கறக்கிற நேரம் பார்த்து வர்ற காய்ச்சல். ரொம்ப விவரமான காய்ச்சல்!"

வந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் என் வாயை நானே கிழித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

காய்ச்சல் அப்படித்தான் வந்தது. மாலையில் ஏறும், விடியும்போது படுக்கை நனைந்து உடம்பு சில்லென்று ஆகிவிடும். சில வாரம் இப்படி. பிறகு ஒன்றுமே இருக்காது. பிழைத்துவிட்டேன் என்று நினைத்து நான் கம்பளங்களை எல்லாம் ஆற்றுக்கு எடுத்துப் போய்த் துவைத்து முடித்ததும் மறுபடி வரும். இடுப்பில் யாரோ ஆப்பு அடித்தது போல ஒரு வலி மட்டும் நின்றதே இல்லை. எங்கள் ஊர் நர்சிடம் போனேன். "காலையில வர்றே, உனக்குச் சுரமே இல்லையே," என்று கருவியை உதறி உறையில் போட்டாள்.

போன கோடையில் ஐந்து மாதத்தில் என் வயிற்றில் இருந்தது போய்விட்டது. அதற்கும் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். குளிர்ந்த தண்ணீரில் நின்றாய், குதிரை ஏறினாய், யாரோ கண் வைத்தார்கள். எல்லாக் காரணங்களிலும் குற்றவாளி நானாகவோ இன்னொரு பெண்ணாகவோ இருந்தாள். ஆடு என்று யாரும் சொல்லவில்லை.

இந்த வசந்தத்தில் ஒருநாள் அடுப்படியிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. இடுப்பு எழ மறுத்துவிட்டது. என் கணவன் மிர்லான் பயந்துபோய் நாரின் நகரத்துக்குக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தான். அங்கே டாக்டர் எல்நுரா என் ரத்தத்தில் ஒரு சொட்டை வெள்ளைத் தட்டில் விட்டு, பக்கத்தில் ரோஜா நிறத் திரவம் ஒரு சொட்டு விட்டு, குச்சியால் கலக்கித் தட்டை மெதுவாக அசைத்தார். திரவம் திரிந்த பால் போலத் துணுக்குத் துணுக்காகப் பிரிந்தது.

"புரூசெல்லா," என்றார். "கன்று வீச்சு நோய். ஆட்டுக்கு வந்தா மாசம் நிறையாமலே குட்டியைச் செத்துப் போட்டுடும். உனக்கும் வந்திருக்கு, தங்கச்சி. எத்தனை மாசமா?"

"ஒரு வருஷம்."

அவர் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னார். என்னைப் பார்த்து இல்லை, ஜன்னலைப் பார்த்து. அந்தக் கெட்ட வார்த்தைக்காகவே அவரை எனக்குப் பிடித்துப் போயிற்று.

"உன் ரத்தத்துல காவல்காரங்க இருக்காங்க," என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சொன்னார். "சின்னச் சின்ன அணுக்கள். எந்தக் கிருமி வந்தாலும் விழுங்கி, உள்ளே ஒரு பையில போட்டு, அமிலம் ஊத்திக் கரைச்சிடும். இதையும் விழுங்கும். பெரும்பாலானதைக் கொன்னும் போடும். தப்பிக்கிற கொஞ்சம் இருக்கு பாரு, அதுதான் வினை. தான் இருக்கிற பையை அமிலம் வர்ற பக்கத்துலேருந்து நகர்த்திக்கிட்டு, அந்த அணு தனக்கு வேண்டிய சாமான் எல்லாம் செய்யற பட்டறைப் பக்கம் போய் ஒட்டிக்கும். பட்டறைச் சுவரையே எடுத்துப் போர்த்திக்கும். அப்புறம் காவல்காரனுக்கு அது திருடனாத் தெரியாது. தன் வீட்டுப் பொருள்னு நினைச்சுக்கும். அது உள்ளே சாப்பிட்டுக்கிட்டு ரெண்டு நாலு எட்டுன்னு பெருகும்."

"அந்த அணு செத்துடாதா டாக்டர்?"

"சாக விட்டாத்தானே! குடியிருக்கிற வீடு இடிஞ்சா யாருக்கு நஷ்டம்? உயிரோட வெச்சிருக்கும். காவல்காரன் அவன் பாட்டுக்கு ரோந்து போவான். மண்ணீரல், எலும்புக்குள்ள, இடுப்பு மூட்டு. போற இடமெல்லாம் இதையும் சுமந்துக்கிட்டுப் போவான். அது வெளியே கிளம்பும்போது உனக்குக் காய்ச்சல், திரும்ப உள்ளே போய் ஒளிஞ்சா நீ நல்லா இருக்கே. ரத்தத்துல மருந்து ஓடினாலும் அணுவுக்குள்ள லேசுல எட்டாது. அதனால ரெண்டு மாத்திரை, ஆறு வாரம். வலி போச்சுன்னு நடுவுல நிறுத்தினே, நானே உன் ஊருக்கு வந்து அடிப்பேன்."

பிறகு என் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "குட்டி போடும்போது நீதான் கையை விட்டு எடுப்பியா?"

"என் கை சின்னது."

"வெறுங்கையோட?"

வேறு எப்படி? கல்யாணமாகி வந்த முதல் வசந்தத்தில் என் கையைப் பிடித்துப் பார்த்து எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். சிக்கிக்கொண்ட குட்டியை எடுக்க இந்தக் கைதான் வேண்டும் என்றார்கள். இந்த வீட்டில் என்னைப் பாராட்டிய ஒரே விஷயம் அதுதான். ஆட்டின் கர்ப்பப்பையில் இந்தக் கிருமிக்குப் பிடித்தமான, சர்க்கரை மாதிரி ஒரு சத்து இருக்கிறதாம். அங்கே போனால் அதற்குக் கல்யாண விருந்துதான், குட்டி வீசும்போது கொட்டுகிற நீரில் கோடிக்கணக்கில் வெளியே வரும் என்றார் டாக்டர். அந்த நீர் என் முழங்கை வரை வழிந்திருக்கிறது. பாவாடையில் துடைத்துவிட்டு ரொட்டிக்கு மாவு பிசைந்திருக்கிறேன்.

"யார் மந்தை?" என்றார் டாக்டர்.

நான் கையை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டேன்.

"பயப்படாதே, பேரைச் சொல்லு. ஆட்டு ஆஸ்பத்திரிக்குச் சொல்லணும்."

"எங்க வீட்டுப் பெரியவரோட மந்தை."

"பெரியவருக்குப் பேர் இல்லையா? சரி சரி, நீ வாய் திறக்க மாட்டே." அவருக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. அவரும் எங்கள் மலைப் பெண்தான். வாழ்க்கைப்பட்டு வந்தவள் மாமனார் பெயரை உச்சரிக்கக் கூடாது. "எந்த ஊர்னு தெரியும், கண்டுபிடிச்சுக்கறேன். அடுத்த புதன்கிழமை மறுபடி ரத்தம் பார்க்க வா."

"வர்றேன். செவ்வாய்க்கு மறுநாள் வர்றேன்."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "ஓ. ஷார்ஷென்பெக்கா?"

எங்கள் பேச்சில் ஷார்ஷெம்பி என்றால் புதன். ஒன்பது வருடங்களாக எனக்கு வாரத்தில் ஆறு நாள்தான். நான் தலையை ஆட்டினேன்.

சில நாள் கழித்து வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்த அணுவையே நினைத்துக்கொண்டு வந்தேன். முதலில் அதன்மேல் கோபம் வந்தது. என்ன காவல் இது? பிறகு அந்தக் கோபம் நிற்கவில்லை. அதற்குத் தெரியாது. திருடனைச் சுமக்கிறோம் என்று தெரியாமலே சுமக்கிறது. எங்கள் வீட்டில் அப்படி இல்லை. நான் நகரத்துக்குப் போவதற்குச் சற்று முன்னால்தான் நெற்றியில் வெள்ளை விழுந்த கறுப்பு வெள்ளாடு, சுட்டி, குட்டி வீசியிருந்தது. மாமனார் அந்தச் செத்த குட்டியைக் காலைப் பிடித்துத் தூக்கி நாய்களுக்கு எறிந்தார். போன வருடமும் எறிந்தார். போன இலையுதிர் காலத்தில் கால்நடை ஆட்கள் ஆடுகளின் கண்ணில் தடுப்புச் சொட்டு விட வந்தபோது, சொட்டு விட்டால் ஆடு குட்டி வீசும் என்று பாதி மந்தையைப் பள்ளத்தாக்குக்குள் ஓட்டி மறைத்தவரும் அவர்தான்.

கொட்டகைக்குப் போனேன். சுட்டி இல்லை.

"எனே, சுட்டி ஆடு எங்கே?"

"சானுக்குக் கொடுத்தாச்சு," என்றார் மாமியார், மாவைத் தட்டிக்கொண்டே. "ஆத்துக்கு அந்தப் பக்கம், அய்கானிஷுக்கு. வாயும் வயிறுமா இருக்கா, புருஷன் ரஷ்யாவுல, வீட்டுல ஒரு கறவை இல்லை. உன் மாமனாருக்கு மனசு கேட்கலை. ஊரே வாழ்த்துது."

சான் என்பது எங்கள் வழக்கம். பால் இல்லாத வீட்டுக்கு ஒரு பருவத்துக்குக் கறவையை விட்டுவைப்பது. ஆடு கொடுத்தவருடையதுதான், பால் அவர்களுக்கு. கேட்டபின் கொடுப்பது பெரிதில்லை. கேட்காமல் கொண்டுபோய்க் கட்டிவிட்டு வருகிறவருக்குத்தான் மதிப்பு.

 

மாமனார் உள்ளே வந்தார். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு, பாதி வளைந்து, எப்போதும் போல. அத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மிர்லான் ரொட்டி தின்றுகொண்டிருந்தான்.

"அத்தா, அந்த ஆட்டுல நோய் இருக்கு," என்றேன். "என் ரத்தத்துல இருக்கிறது அதுலயும் இருக்கும். பால்ல வரும். அய்கானிஷ் மாசமா இருக்கா. அதைத் திரும்ப ஓட்டிட்டு வாங்க."

"டாக்டர் சொன்னாளா?"

"ஆமா."

"என் அப்பன் காலத்துலயும் ஆடு குட்டி வீசியிருக்கு. மந்தைன்னா வீசத்தான் செய்யும். எனக்கும் இருபது வருஷமா இடுப்பு வலிக்குது. நான் டாக்டர்கிட்ட ஓடினேனா?" அவர் சத்தம் போடவில்லை. அவர் சத்தமே போடாதவர். "இன்னும் கொஞ்ச நாள்ல ஊர்க்காரங்க மேய்ச்சலுக்கு ஆடுகளை என்கிட்ட ஒப்படைக்க வருவாங்க. குட்டி இல்லாம மடி வீங்கின ஆடு என் முத்தத்துல நின்னா என்ன கேட்பாங்க? எவன் எனக்கு ஆடு தருவான்? நீ எதைத் தின்பே?"

அதாவது தெரியும். நான் தவறாகப் புரிந்துகொள்ள இடமே இல்லாமல், எல்லாம் தெரிந்து, சுட்டியை மறைக்க ஓர் இடம் தேடியிருக்கிறார். கிடைத்த இடம் ஒரு கர்ப்பிணியின் தொழுவம். அதற்குப் பெயர் தர்மம். அவருடைய வளைந்த முதுகைப் பார்த்தேன். இருபது வருடம். அதுவும் இதே கிருமிதான் என்று அப்போது புரிந்தது. இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"மிர்லான், நீ சொல்லு," என்றேன்.

"மாத்திரை குடுத்திருக்காங்கல்ல? போடு. குணமாயிடும்," என்றான் மிர்லான்.

மறுநாள் காலை பாலத்தைத் தாண்டி அய்கானிஷ் வீட்டுக்குப் போனேன். மிர்லானின் சித்தப்பா மகனுடைய மனைவி அவள். இருபத்திரண்டு வயது, வாய் அதிகம், சிரிப்பும் அதிகம். தன்னைவிட மூத்தவளை எஜே, அக்கா, என்றுதான் கூப்பிடுவாள். சுட்டியின் பக்கத்தில் குந்தியிருந்தாள். வயிறு முழங்காலில் இடித்தது. கிண்ணத்தில் பால் நுரைத்து நின்றது.

"வாங்க எஜே! உங்க வீட்டு ஆடு உங்களை மாதிரியே. உதைக்காது, முறைக்கும்," என்றாள். சொல்லிவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கி ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். மேலுதட்டில் நுரை ஒட்டியிருந்தது.

"காய்ச்சாமலா குடிக்கிறே?"

"காய்ச்சினா சத்துப் போயிடும்னு உங்க எனேதான் சொன்னாங்க. மடிச்சூட்டோட குடிச்சாப் பிள்ளைக்கு எலும்பு உறுதியாகுமாம்."

நான் கிண்ணத்தைப் பிடுங்கித் தரையில் கொட்டிவிட்டேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது. முதலில் பேசியிருக்க வேண்டும். 

"பைத்தியமா உங்களுக்கு?"

"அந்த ஆடு குட்டி வீசினது, அய்கானிஷ். என் பிள்ளை போனதும் இதனாலதான். டாக்டர் ரத்தம் பார்த்துச் சொன்னாங்க. நீ என்னோட வா, நாரினுக்குப் போய் உன் ரத்தத்தையும் பார்த்துடலாம்."

"குட்டியை ஓநாய் தூக்கிட்டுப் போச்சுன்னு அத்தா சொன்னார்."

"ஓநாய் இல்லை. நாங்க நாய்க்குப் போட்டோம்."

அவள் முந்தானைத் துணியை இழுத்து வயிற்றின்மேல் விட்டுக்கொண்டாள். "எஜே, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது. உங்களுக்குப் போச்சு. அதுக்காக எனக்குக் கிடைச்ச ஒரு வாய்ப் பாலையும் கொட்டணுமா? என் வயித்தை அப்படிப் பார்க்காதீங்க. தயவுசெஞ்சு கிளம்புங்க."

பாலத்தின் நடுவில் நின்று அழுதேன். அவள் சொன்னதில் ஒரு பகுதி உண்மை. அவள் வயிற்றை நான் அப்படித்தான் பார்த்தேன். வயிறு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். எனக்கு இல்லாதது அவளுக்கு இருக்கிறது என்று என் கண் ஒவ்வொரு முறையும் கணக்குப் போட்டது. ஆனால் பொறாமைப்படுகிறவள் சொல்வது பொய்யாகத்தான் இருக்க வேண்டுமா? இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நாய்க்கு எறிந்தவர் சொல்வதை நம்புவார்கள், ஏனென்றால் அவர் நிதானமாகச் சொல்கிறார். நான் சொன்னால் என் கண்ணைப் பார்ப்பார்கள்.

டாக்டர் எல்நுரா சொல்லி, கால்நடை அலுவலர் ஒருவர் வந்தார். எனக்கு நம்பிக்கை வந்தது. அவரும் அத்தாவும் ஒன்றாகப் பட்டாளத்தில் இருந்தவர்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. தேநீர் குடித்தார்கள், ஆட்டுத் தலைக்கறி தின்றார்கள். பிறகு அத்தா பிடித்துக் கொடுத்த ஆடுகளிலிருந்து ரத்தம் எடுத்தார். ஒன்றுவிடாமல் எல்லாம் காயடித்த கிடா.

"பெட்டை ஆடு ஒண்ணைக்கூடப் பார்க்கலையே நீங்க," என்றேன் நான் அவர் கைக்குத் தண்ணீர் ஊற்றும்போது.

"உன் மருமக என் வேலையை என்னைவிட நல்லாத் தெரிஞ்சு வெச்சிருக்காளே!" என்று அவர் அத்தாவைப் பார்த்துச் சிரித்தார். அத்தாவும் சிரித்தார். ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று செய்தி வந்தது. ஊரெல்லாம் சொன்னார்கள்.

நான் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தேன். சிறுநீர் செம்மண் தண்ணீர் போலப் போயிற்று, வயிறு குமட்டியது. ஆனால் காய்ச்சல் நின்றுவிட்டது, இடுப்பு இளகத் தொடங்கியது. உடம்பு தேறத் தேறக் கோபத்துக்கு இடம் கிடைத்தது போல அது வளர்ந்தது. இத்தனை நாள் கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இல்லாமல் இருந்திருக்கிறது. தினமும் காலையில் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்ப்பேன். அய்கானிஷ் வீட்டுப் புகைபோக்கியில் புகை வரும். இந்நேரம் கறந்திருப்பாள், இந்நேரம் குடித்திருப்பாள்.

ஆடுகளை ஒப்படைக்கும் நாள் வந்தது. கோடை மேய்ச்சலுக்கு மலையேறும் முன் ஊரார் எல்லாரும் தங்கள் ஆடுகளை எங்கள் வாசலுக்கு ஓட்டி வருவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முதுகில் ஒரு சாய அடையாளம், சிவப்பு, நீலம், பச்சை. அத்தா பட்டி வாயிலில் நின்று ஒவ்வோர் ஆட்டின் முதுகையும் தொட்டு உள்ளே விடுவார். தொட்டால் பொறுப்பு அவருடையது. முற்றத்தில் கம்பளம் விரித்திருந்தது. நான் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அய்கானிஷும் தன் இரண்டு கிடாக்களோடு வந்திருந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. முகம் வெளிறியிருந்தது. அந்த வெளிறல் எனக்குத் தெரியும், நான் கண்ணாடியில் ஒரு வருடம் பார்த்தது.

"முந்தாநாள்லேருந்து சாயங்காலமானா லேசா உடம்பு சுடுது," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைச் சூடு," என்றாள் உல்கான், எங்கள் தெருவின் பெரிய குரல். "நிறையப் பால் குடி. நீ கொடுத்து வெச்சவ. இந்தக் காலத்துல யார் கேட்காம சான் கொடுக்கறாங்க? பெரியவர் மாதிரி மனசு யாருக்கு வரும்?"

"ஷார்ஷென்பெக் கொடுத்த ஆடு குட்டி வீசின ஆடு," என்றேன்.

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். சாதாரணமாக, சர்க்கரை வேண்டுமா என்று கேட்பது போல வந்தது.  

"என்ன சொன்னே?" என்றாள் உல்கான். "யார் பேரைச் சொன்னே?"

"நாக்கு அழுகிடும்டி உனக்கு!" என்று எனே ஓடி வந்தார்.

அதுதான் என்னை முழுதாக எரித்தது. அவர்கள் காதில் விழுந்தது பெயர் மட்டும். ஒரு பெண்ணின் வயிற்றில் பிள்ளை சாகப் போகிறது என்பது விழவில்லை. நான் கெண்டியைக் கீழே வைத்தேன்.

"ஷார்ஷென்பெக்," என்றேன் மறுபடி, சத்தமாக. "ஷார்ஷென்பெக் மந்தையில போன வருஷமும் ஆடு குட்டி வீசிச்சு, இந்த வருஷமும் வீசிச்சு. ஷார்ஷென்பெக் அதை நாய்க்குப் போட்டாரு. ரத்தம் எடுக்க வந்தவனுக்கு ஷார்ஷென்பெக் கிடாவைப் பிடிச்சுக் கொடுத்தாரு. கிடா எங்கேயாவது குட்டி போடுமா? ஓநாய் தூக்கிச்சுன்னு சொல்லி அந்த ஆட்டை மாசமா இருக்கிறவ வீட்டுல கட்டினாரு. இன்னும் எத்தனை தடவை பேரைச் சொன்னா நீங்க மிச்சத்தைக் கேட்பீங்க?"

மிர்லான் என் தோளைப் பிடித்தான். "உள்ளே போ. சொல்றதுன்னா வீட்டுக்குள்ள சொல்லியிருக்கலாமே."

"சொன்னேன். நீ அங்கேதான் இருந்தே. ரொட்டி தின்னுக்கிட்டிருந்தே."

அவன் கை விலகிக்கொண்டது.

நீல அடையாளக்காரர் ஒருவர், அத்தாவின் வயதுதான், பட்டி வாயிலுக்குப் போய் நின்றார். "உண்மையா? ஆமாவா இல்லையா, அதை மட்டும் சொல்லு."

 அத்தா பொய் சொல்லியிருக்கலாம். அத்தனை பேர் எதிரில் நேராகக் கேட்டபோது அவருக்கு வரவில்லை. "மந்தைன்னா..." என்று ஆரம்பித்து விட்டுவிட்டார். நீல அடையாளக்காரர் பட்டிக்குள் போய்த் தன் ஆடுகளைப் பிரிக்கத் தொடங்கினார். பிறகு உல்கான். பிறகு எல்லாரும். சிவப்பும் பச்சையும் முட்டி மோதி வெளியே வந்தன. யாரும் விடைபெறவில்லை. யாரும் எனக்கு நன்றி சொல்லவும் இல்லை. என்னைத் தாண்டும்போது ஒதுங்கிப் போனார்கள்.

அத்தா தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எங்க அடுப்பை அணைச்சுட்டே," என்றார் எனே. "உன்னை மகள் மாதிரி..." முடிக்கவில்லை. முடிக்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருக்கும்.

மறுநாள் அய்கானிஷ் வந்தாள். சுட்டியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு வந்து எங்கள் கேட்டில் கட்டிவிட்டு, உள்ளே வராமல் தெருவில் நின்று கூப்பிட்டாள்.

"கிளம்புங்க, எஜே. நாரினுக்குப் போகலாம். நீங்க சொன்னது பொய்யா இருந்தா சந்தையில வெச்சு உங்க முடியை அறுப்பேன்."

"அறு. இப்போ நட," என்றேன்.

வாடகைக் காரில் போனோம். டாக்டர் எல்நுரா அவள் ரத்தச் சொட்டைத் தட்டில் விட்டு ரோஜாச் சொட்டோடு கலந்தார். நான் மனசுக்குள் திரியாதே, திரியாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நான் சொன்னது பொய்யாகப் போகட்டும், ஊர் முழுக்க என்மேல் துப்பட்டும். அது துணுக்குத் துணுக்காகப் பிரிந்தது.

 அய்கானிஷ் திரும்பி என் தோளில் ஓங்கி அடித்தாள், இரண்டு கையாலும். "அன்னைக்கே ஏன் என் மயிரைப் பிடிச்சு இழுத்துட்டு வரலை? கிளம்புன்னா கிளம்பிடறதா? நான் சொன்னா நீங்க கேட்டுடறதா?"

நான் அடி வாங்கிக்கொண்டேன். எனக்கு வேண்டியிருந்தது.

டாக்டர் அவளைப் படுக்க வைத்துக் கருவியை வயிற்றில் ஓட்டினார். சரசரவென்று சத்தம். பிறகு வேகமாக, குதிரை ஓடுவது போல ஒரு துடிப்பு. நான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"துடிக்குது, நல்லாவே துடிக்குது," என்றார் டாக்டர். "வயித்துப் பிள்ளைக்கு ஆகாத மாத்திரையை விட்டுட்டு வேற தர்றேன். இப்பத்தான் தொத்தியிருக்கு, சீக்கிரம் வந்துட்டே. அதுக்கு மேல நான் சத்தியம் பண்ண முடியாது. ஒருநாள் தவறாமப் போடு, பதினைஞ்சு நாளைக்கு ஒருதரம் வந்து காட்டு."

"பிழைச்சுக்குமா?"

"அதுக்குத்தான் பாடுபடறோம்."

திரும்பி வரும்போது அய்கானிஷ் முதல் மாத்திரையை வாயில் போட்டு முகத்தைச் சுளித்தாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டு வந்தாள். மலைச்சரிவில் கார் வளைந்தபோது என் முழங்கையைப் பிடித்தாள்.

"எஜே."

"என்ன?"

"பால் மிஞ்சிச்சு. ஒரே ஆளு எவ்வளவு குடிப்பேன்? நம்ம ஊர்ல இருமல் புடிச்ச பிள்ளைங்களுக்கெல்லாம் கொடுத்தேன். பச்சையாவே. கேட்காம நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்." அவள் என் முழங்கையை விட்டாள். "உல்கானோட பேத்திக்கு தினமும்."

எனக்குள் இருந்த கோபம் மறுபடி எழும்பியது. இவள்மேல் இல்லை. யார்மேல் என்று பிரித்துச் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. டிரைவரிடம் பாலத்துக்கு முன்னாலேயே, உல்கான் வீட்டுப் பக்கம் நிறுத்தச் சொன்னேன்.

"நான் வரலை," என்றாள் அய்கானிஷ். "என் மூஞ்சியில துப்புவாங்க."

"துப்பட்டும். இறங்கு."

உல்கானின் கதவைத் தட்டினேன். நேற்றுப் பிரித்துக்கொண்டு வந்த ஆடுகள் அவள் முற்றத்தில் இடமில்லாமல் நெருக்கிக்கொண்டு நின்றன. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்தாள்.

"இன்னும் என்ன பாக்கி? இருந்ததையெல்லாம்தான் கெடுத்தாச்சே."

நான் வாயைத் திறப்பதற்குள் அய்கானிஷ் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பேத்தி எங்கே, எஜே?" என்றாள். "சாயங்காலமானா அவளுக்கு உடம்பு சுடுதா?"